இவருக்குப் பதில் இவர்

என் சட்டைப்பையில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். பிளாஸ்டிக் உறை போட்டு, உறையின் வாயை மெழுகுவத்தி நெருப்பில் காட்டி ஒட்டியிருக்கிறது. மேலே என் கேபிள் டிவியின் பெயர், அதற்குக் கீழே ஒரு டிஷ் ஆன்டெனாவின் படம், அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் என் செல்போன் நம்பர். பின்பக்கம் மாதாமாதம் பணம் வாங்கிக் கையெழுத்துப் போடுவதற்காகக் கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கும். இந்த அட்டையில் ஒரு கட்டத்திலும் கையெழுத்து இல்லை. ஏனென்றால் இது டிவிக்காகக் கொடுத்த அட்டை அல்ல. என் பெரியக்கா சாகிறவரை இடுப்பில், புடவை மடிப்பில் செருகி வைத்திருந்த அட்டை. அவளைக் குளிப்பாட்டிய பெண்கள் எடுத்து என் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நான் சட்டை மாற்றும்போதெல்லாம் இதையும் எடுத்து மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். இதை எழுதி முடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஆனால் மாரண்டஹள்ளிச் சுற்றுவட்டாரத்தில் முதல் டிஷ்ஷை நட்டவன் நான்தான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். படித்தவன், பணக்காரன், மூன்று தலைமுறையாக நிலம் வைத்திருந்தவன் எல்லாம் இருந்த ஊரில், கூலிக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவன் ஆகாயத்திலிருந்து படத்தைப் பிடித்துக் கம்பி வழியாக வீட்டுக்குள் இறக்கினான் என்றால் அது சின்ன விஷயம் அல்ல. பின்னால் பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து தொழிலை விலைக்குக் கேட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். ஊரில் கலெக்டர் பெயர் தெரியாதவர்கள் உண்டு, என் நம்பர் தெரியாதவர்கள் கிடையாது. படம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தாலும் எனக்குத்தான் போன், மழை வருமா என்று கேட்கவும் எனக்குத்தான் போன்.

அந்த முதல் கம்பியை இழுத்த நாளில் என் அக்கா இருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த புளியமரத்தில் ஏணி சாத்தி நான் ஏறப் போகிறேன், கீழே ஊரே நின்று சிரிக்கிறது. "கரெண்டு அடிச்சிச் சாவப்போறான் பாரு" என்று ஒருவன் பந்தயம் கட்டுகிறான். தக்காளிக் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா, கூடையை அப்படியே ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு வந்து ஏணியின் இரண்டு காலையும் பிடித்தாள். "ஏறுடா, நான் இருக்கேன்ல" என்றாள். நான் இறங்குகிறவரை அவள் ஏணியை விடவும் இல்லை, சிரித்தவர்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் என் கையால் மேலே வந்தவன், இதில் யாருக்கும் பங்கு கொடுக்கமாட்டேன். ஏணியைப் பிடித்த அந்த இரண்டு கைக்கு மட்டும் கொடுப்பேன்.

பயந்த பெண் என்று அவளை நினைத்துவிடாதீர்கள். அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். புருஷன் போனபிறகு பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாகத் தக்காளி விளைவித்தவள். பாலக்கோடு மண்டியில் லாரிக்காரர்களோடு சரிக்குச் சரி நின்று பேசுவாள். எடைக்கல்லை ஒருவன் மாற்றி வைத்தபோது, "இந்தக் கல்லு உங்கம்மா வூட்டுச் சீதனமா?" என்று கேட்டு மண்டியையே சிரிக்க வைத்தவள். ஓசூருக்கு நின்றுகொண்டே பஸ்ஸில் போய் வருவாள். உட்கார இடம் கொடுத்தால், "எனக்கென்னா, கொழந்தையா பொறந்திருக்குது?" என்பாள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பஸ்ஸின் நிறத்தையும் டிரைவரின் முகத்தையும் வைத்து எது எந்த ஊருக்குப் போகும் என்று சொல்லிவிடுவாள்.

அவளுக்கு ஒரே மகன். தங்கமான பையன். என் மகன்களைவிட நல்லவன் என்று நானே சொல்வேன். ஓசூரில் கம்பெனி வேலை. தினமும் விடியற்காலையில் கிளம்பி சாயங்காலம் திரும்பிவிடுவான். அங்கேயே வீடு எடுத்துத் தங்கினால் சௌகரியம் என்று எல்லாரும் சொன்னோம். அம்மா தோட்டத்தை விட்டு வரமாட்டாள் என்று இவன் அலைந்தான். அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது. தக்காளிச் செடிக்கு நடும் குச்சி ஒன்று காலில் குத்தி, கட்டை விரலில் புண் வந்து ஆறாமல் நின்றது. மகன் தினமும் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தப் புண்ணைக் கழுவி மருந்து போடுவான். பாலக்கோட்டு டாக்டர் பார்த்துவிட்டு, சேலத்துக்குக் கூட்டிப் போய் விரலை எடுத்துவிடுங்கள், இப்போது விரலோடு போகும், விட்டால் எதுவரை போகும் என்று சொல்ல முடியாது என்றார். அக்கா அசரவில்லை. "ஒரு வெரலு தானே, எடுத்துக்கச் சொல்லு. மிச்சம் ஒம்போது இருக்குது" என்றாள். திங்கட்கிழமை போவதாகப் பேச்சு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் அந்த எபிசோடு வந்தது.

அந்தத் தொடரைப் பார்க்காத வீடு எங்கள் பக்கம் இல்லை. மூன்று மகன்களைப் பெற்ற ஒரு விதவைத் தாயின் கதை. மருமகள்கள் திட்டுவதும் தாய் பொறுத்துப்போவதுமாக நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த மூன்று மகன்களும் அம்மாவைக் கோயிலுக்கு என்று ஒரு தூரத்து ஊருக்குக் கூட்டிப் போகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறார்கள். அம்மாவுக்கு ரொம்பப் பிரியமான கடைசி மகன் அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, கையில் இரண்டு வாழைப்பழம் கொடுத்து, "டீ குடிச்சிட்டு வந்துடறேம்மா, இங்கயே இரு" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவ்வளவுதான். அதன் பிறகு கடைசிவரை அந்தத் தாயைத் தவிர வேறு எதையும் காட்டவில்லை. பாட்டு இல்லை, இழுத்து இழுத்து வாசிக்கும் வயலின் இல்லை, யார் முகத்தையும் கிட்டே கிட்டே கொண்டுவந்து காட்டவில்லை. பஸ்கள் வருகின்றன, போகின்றன. அவள் பக்கத்தில் உட்கார வந்தவர்களுக்கு நகர்ந்து இடம் கொடுக்கிறாள். ஒரு பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, இன்னொன்றை மகனுக்கென்று முந்தானையில் மூடி வைக்கிறாள். குப்பை கூட்டுகிறவள் வந்து அவள் காலைச் சுற்றிக் கூட்டிவிட்டு, "எந்த ஊரும்மா?" என்று கேட்கிறாள். இவள் கடைசி மகனின் பெயரைச் சொல்கிறாள். ஊர்ப் பெயர் கேட்டதற்கு மகன் பெயர். அதோடு திரை இருண்டுவிட்டது.

எபிசோடு பாதி ஓடும்போதே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிட்டது. "என்னாங்க, சவுண்டு போயிட்டுது." வைப்பதற்குள் இன்னொருவர். "ஏங்க, எங்க தெருவுக்கு மட்டும் சவுண்டு வல்லையா?" வயலின் சத்தம் இல்லாததால் ஊர் முழுக்க சத்தமே போய்விட்டதாக நினைத்துக்கொண்டது. இவ்வளவு காலம் இந்தத் தொழிலில் இருக்கிற நானே ஏமாந்து, ஒயர் ஒயராக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வீட்டிலிருந்து என் மனைவிதான் குரல் கொடுத்தாள். "சவுண்டெல்லாம் இருக்குது. பஸ்ஸு ஆரன் கேக்குது பாருங்க. இது வேற என்னமோ." அவள் குரல் சரியில்லை. போய்ப் பார்த்தேன். அந்தத் தாய் பழத்தை மூடி வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போதே வாசலில் ஆள் நின்றது. என்னவோ நான்தான் கதை எழுதி, நான்தான் அந்தக் கிழவியை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டதுபோல. தக்காளி கமிஷன் மண்டிக்காரர் ஒருவர், மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலேயே கத்தினார். "யோவ், எங்கம்மா நேத்திலருந்து சாப்புடல. என்னத்தய்யா படம் போடற நீ?" இன்னொருவன், "அந்தக் கடைசிப் பையன் எந்த ஊர்க்காரன்னு கேட்டுச் சொல்லுங்க, ரெண்டு போடு போட்டுட்டு வரேன்" என்றான். பெரியவர் ஒருவர் நிதானமாக உட்கார்ந்து, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அந்த அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். அன்று சாயங்காலமே ஜவுளிக்கடையில் வயதானவர்கள் கட்டும் சுங்கடிச் சேலை தீர்ந்துபோயிற்று என்று சொன்னார்கள். ஊரில் உள்ள மகன்கள் அத்தனை பேரும் அம்மாவுக்குச் சேலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். டீக்கடையில் வேறு கூத்து. எவனாவது வீட்டில் "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொன்னால் போதும், "ஓஹோ, என்னைய எந்த பஸ் ஸ்டாண்டுல உக்கார வெக்கப்போற?" என்று கேட்கிறார்களாம். டீக்கடைக்காரர் என்னிடம் வந்து, "யாவாரமே படுத்துக்கிச்சுங்க, அடுத்த தடவ காப்பி குடிக்கப் போறேன்னு சொல்லச் சொல்லுங்க" என்றார். நானும் சிரித்தேன்.

ஒன்றை மட்டும் அன்றைக்கே கவனித்தேன். கத்தியவர்கள், அழுதவர்கள், சேலை எடுத்தவர்கள் எல்லாரும் மகன்கள். தாய்மார்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணீர்கூட விடவில்லை. அவர்களுக்குத் தெரிந்த எதையோ டிவிக்காரன் வெளியே சொல்லிவிட்டதுபோல இருந்தார்கள்.

அப்புறம்தான் ஒரு கிழவி கடைக்கு வந்தாள். தெலுங்கு பேசும் வீட்டுப் பெண், கைத்தடி ஊன்றி வந்தாள். "சாமி, ஒரு அட்டை குடு" என்றாள். எனக்கு ஆளைத் தெரியும். "உங்க வூட்ல டிவியே இல்லீங்களே ஆயா, அட்டை எதுக்கு?" என்று கேட்டேன். "டிவிக்கு இல்ல சாமி. எனக்கு" என்றாள். புரியாமல் பார்த்தேன். அட்டையில் இருந்த என் நம்பரை விரலால் தொட்டுக் காட்டினாள். "எங்கியாச்சும் உட்டுட்டுப் போயிட்டானுங்கன்னா, இதப் பாத்துட்டு யாராச்சும் ஒனக்குப் போன் போடுவாங்கல்ல? நீ எங்க வூடு எதுன்னு சொல்லுவ."

ஒருத்தி வாங்கிப் போனது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்தடுத்து வந்தார்கள். சிலர் தங்கள் வீட்டு அட்டையையே டிவி மேலிருந்து எடுத்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார்கள். வசூலுக்குப் போன பையன்கள் அட்டை எங்கே என்று கேட்டால், "இல்ல போ" என்று விரட்டினார்கள். நான் கடையில் மிச்சம் இருந்த கட்டைப் பிரித்து இலவசமாகக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்கவேண்டும்? பெற்ற மகன் நம்பரை வைத்துக்கொள்ளாமல் என் நம்பரை இடுப்பில் செருகிக்கொண்டார்கள் என்றால் ஊரில் எனக்கு என்ன மதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது பெருமைப்படுகிற விஷயம் இல்லை என்பது, என் அக்கா வந்து கையை நீட்டியபோதுதான் உறைத்தது. மண்டியில் லாரிக்காரனை அடக்கியவள் கை நீட்டுகிறாள். "எனக்கும் ஒண்ணு குடுடா."

திங்கட்கிழமை அவள் சேலத்துக்குக் கிளம்ப மறுத்தாள். மகன் லீவு போட்டுவிட்டு, வாடகைக் காரை வாசலில் நிறுத்தி வைத்திருந்தான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போனேன். "ஏறுக்கா, நான் இருக்கேன்ல" என்றேன். அவள் எனக்குச் சொன்ன அதே வார்த்தை என்று சொல்லி முடித்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். "நீ இருப்படா. வண்டி நிக்கற எடத்துல இருப்பியா?" என்றாள். நானும் கூட வருகிறேன் என்றேன். "அந்தம்மா கூட மூணு பேரு போனானுங்க" என்றாள். நான் எத்தனையோ பேரைப் பேசி மடக்கியவன். பேச்சை விட்டுவிட்டுப் போய்க் காரின் கதவைத் திறந்தேன்.

தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனோம். நானும் மகனுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காரில் ஏற்றி, அவளை நடுவில் உட்காரவைத்துக் கிளம்பினோம். பாலக்கோடு வரை ஒழுங்காகத்தான் வந்தாள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அவளுக்கு விக்கல் எடுத்தது, நிற்கவே இல்லை. காரில் தண்ணீர் இல்லை. மகன் வண்டியை நிறுத்தச் சொல்லி, "தண்ணி வாங்கிட்டு வந்துடறேம்மா" என்று இறங்கினான். டீ என்றுகூடச் சொல்லவில்லை. அந்த "வந்துடறேம்மா" போதுமானதாக இருந்தது. "உட்டுட்டுப் போறான்" என்று அக்கா கத்திய கத்தலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். கதவைத் திறந்துகொண்டு, புண் காலோடு ரோட்டில் இறங்கிவிட்டாள். கூட்டம் கூடிவிட்டது. பூக்கட்டுகிற பெண் ஒருத்தி எழுந்து வந்து, பாட்டிலோடு திரும்பி ஓடிவந்த மகனின் சட்டையைப் பிடித்தாள். "ஏம்பா, டீ குடிக்கப் போறியா? நாங்கல்லாம் நாடகம் பாக்கறவங்கதாம்பா!" கூட்டம் சிரித்தது. இன்னொருவன் செல்போனில் படம் எடுத்தான். "மூஞ்சப் பாரு, அதே கடைசிப் பையன் மாதிரியே இருக்கறான்." நான் நடுவில் புகுந்து, இவன் என் அக்கா மகன், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று தொண்டை கிழியச் சொன்னேன். "தாய்மாமனும் கூட்டா?" என்றார்கள். எங்கள் ஊராக இருந்தால் என் முகத்துக்கு மரியாதை இருந்திருக்கும். அங்கே நான் யாரோ.

அந்தப் பையன் நின்றதை நான் மறக்கமாட்டேன். சட்டைப் பித்தான் இரண்டு அறுந்து போய், கையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலோடு, கூட்டத்துக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அக்கா அந்தப் பூக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டுகிறாள். "இந்த நம்பருக்குப் போடு தாயி, எந்தம்பி வருவான்." பூக்காரி நம்பரைப் போட்டாள். கூட்டத்தின் நடுவில், அவளுக்கு எதிரிலேயே, என் பையில் போன் அடித்தது. எல்லாரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

காரைத் திருப்பிக்கொண்டு வந்தோம். மகன் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். ஊர் வந்ததும், "மாமா, இனிமே என்னால முடியாதுங்க" என்றான். "அம்மாவக் கொல்லக் கொண்டுபோறவன் மாதிரி நிக்க வெச்சுட்டாங்க. எவ்ளோ பேரு பாத்தாங்க தெரியுங்களா?" அவன் கெட்டவனாக இருந்திருந்தால் வெட்கப்பட்டிருக்கமாட்டான், மறுநாளும் இழுத்துக்கொண்டு போயிருப்பான். அக்காவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவது அதோடு குறைந்துபோயிற்று. அவன் புண்ணைக் கழுவுவதை மட்டும் நிறுத்தவில்லை. அவள் காலைக் காட்டுவாள், முகத்தைக் காட்டமாட்டாள்.

சில நாள் கழித்து அக்காவே ஒரு வழி சொன்னாள். "அந்தம்மா வூடு வந்து சேரட்டும். வந்துட்டான்னா நான் வண்டி ஏறறேன்." சின்னப் பிள்ளைத்தனமாக இல்லை, வக்கீல் பேசுவதுபோலச் சொன்னாள். எனக்கு அது போதும். நான் கேபிள்காரன். மற்றவர்களுக்கு டிவி ஒரு பெட்டி, எனக்கு அதன் மறு நுனியில் இருக்கிறவனைத் தெரியும். ஒருவரைப் பிடித்து, அவர் மூலமாக இன்னொருவரைப் பிடித்து, சென்னையில் அந்தச் சேனல் ஆபீசுக்கே பேசிவிட்டேன். எங்கள் பக்கத்தில் வேறு எவனால் முடியும்? போனில் ஒரு பையன் பேசினான். "சார், நீங்க மட்டுமில்ல, தமிழ்நாடு பூராவும் திட்றாங்க சார். அந்த அம்மாவைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் பாருங்க" என்றான். நான் போனை வைத்துவிட்டு, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். ஆமாம், அந்த வயதில் ஓடினேன். "சொல்லிட்டேங்கா, கொண்டாந்துடறாங்க" என்றேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். மகன் மறுபடி லீவு கேட்டு வைத்தான்.

அந்த நாள் வந்தது. அக்கா வீட்டில் தெருவே கூடிவிட்டது. நான் எல்லாருக்கும் முன்னால், நாற்காலியில். தொடரில் மூன்று மகன்களும் அழுதுகொண்டே காரில் வருகிறார்கள். இந்த முறை வயலினுக்கு வயலின், பாட்டுக்குப் பாட்டு, குறையே இல்லை. அதே பஸ் ஸ்டாண்ட். அதே பெஞ்ச். அதே சேலையில் தாயின் முதுகு தெரிகிறது. கடைசி மகன், "அம்மா" என்று கத்துகிறான். அவள் திரும்புகிறாள்.

வேறு ஒருத்தி. கொஞ்சம் சதைப்பிடிப்பான முகம், நல்ல நிறம். திரையின் அடியில் ஒரு வரி ஓடுகிறது. தொடர் பார்க்கிற நமக்கெல்லாம் பழக்கமான வரிதான். நடிக்கிறவர் விலகினால் போடுவார்கள். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. என் பக்கம் திரும்பி, "என்னாடா எழுதியிருக்குது?" என்றாள். கூட்டத்தின் நடுவில் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். நான் எழுத்துக்கூட்டி, சத்தமாக வாசித்தேன். "இவருக்குப் பதில் இவர்."

மற்றவர்கள் கை தட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா வந்துவிட்டாள், மகன்கள் காலில் விழுந்துவிட்டார்கள், ஊருக்கு மனசு ஆறிவிட்டது. அக்கா மட்டும் இன்னும் பெஞ்சைத் தேடிக்கொண்டிருந்தாள். "அப்ப அவ?" என்றாள். "எவக்கா?" "மொதல்ல உக்காந்திருந்தாளே. பழத்த மூடி வெச்சுக்கிட்டு." ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். அந்த நடிகைக்கு வேறு படம் கிடைத்திருக்கும், சம்பளத் தகராறாக இருக்கும், இனிமேல் இந்தம்மாதான் அந்தம்மா, கதைப்படி இரண்டு பேரும் ஒருத்திதான். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் யாருக்கும் இல்லாமல், தனக்குத்தானே போலச் சொன்னாள்: "அதத்தாண்டா நானும் சொல்றேன். அவள அங்கியே உட்டுட்டு, வேற ஒருத்திய கூட்டியாந்துட்டானுங்க. நீங்கல்லாம் கை தட்றீங்க."

விடிந்ததும் கிளம்ப மகன் கார் சொல்லி வைத்திருந்தான். மறுநாள் காலையில் அதைத் திருப்பி அனுப்பினோம்.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல எனக்கு மனசில்லை. விரலில் இருந்தது பாதத்துக்கு வந்தது. வீட்டுக்கே டாக்டரைக் கூட்டி வந்தோம். அவர் ஊசி போட்டுவிட்டு, வெளியே வந்து என்னிடம் தலையை ஆட்டினார். வீட்டுக்குள் நுழையும்போதே வாடை தெரிய ஆரம்பித்தது. அவள் டிவி பார்ப்பதை விட்டுவிட்டாள். நான் போகும்போதெல்லாம், "அவளப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். "சொல்லமாட்டானுங்க" என்பாள். கடைசியில் காய்ச்சல் கண்டு நினைவு தப்பிய நாளில், இனி அவள் மறுக்க முடியாது என்று மகன் காரைக் கூப்பிட்டான். கார் வந்து வாசலில் நின்றது. அவள் ஏறவில்லை. அதற்கு முன்பே போய்விட்டாள்.

சாவுக்கு வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து பேசியது என் காதில் விழுந்தது. அம்மா சாப்பிடவில்லை என்று அன்றைக்கு என் கடை வாசலில் கத்தினாரே, அதே கமிஷன் மண்டிக்காரர்தான். "ஒரே மவன். கம்பெனில சம்பாதிக்கறான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாம வூட்லயே வெச்சு முடிச்சுட்டான் பாத்தீங்களா?" பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். மகன் அவர்களுக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தான். பாலக்கோட்டில் நின்ற அதே மாதிரி. கொஞ்ச நாளில் அவன் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓசூருக்கே போய்விட்டான். ஊருக்கு வருவதில்லை.

இப்போது அந்தத் தொடர் யாருக்கும் நினைவில்லை. கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மா வேடத்தில் நடித்தது யார் என்று கேட்டால், இரண்டாவதாக வந்தவளைத்தான் சொல்கிறார்கள். முதலில் ஒருத்தி இருந்தாள் என்று நான் சொன்னால், அப்படியா என்கிறார்கள். என் தொழிலும் அந்த லட்சணம்தான். ஆளுக்கொரு செல்போனில் ஆளுக்கொரு படம் பார்க்கிறார்கள். சவுண்டு வரவில்லை என்று எனக்கு யாரும் போன் செய்வதில்லை. நான் நட்ட டிஷ்கள் மொட்டை மாடியில் துருப்பிடித்து நிற்கின்றன. ஒன்றைக் கவிழ்த்துக் கோழி மூட வைத்திருக்கிறேன். மனைவியும் இறந்துவிட்டாள். வருத்தமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் இந்த ஊரில் முதல் டிஷ் நட்டவன் நான்தான், அதை யாரும் மாற்ற முடியாது.

போன மாதம் பெங்களூரிலிருந்து என் பெரிய மகன் கார் எடுத்துக்கொண்டு வந்தான். என் கண்ணில் புரை. அங்கே ஆபரேஷன் செய்துகொண்டு அவனோடு கொஞ்ச காலம் இருக்கவேண்டுமாம். நல்ல பையன்தான். என் துணிமணியை அவனே எடுத்துப் பெட்டியில் வைத்தான். பெட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தது. ராயக்கோட்டை தாண்டி ஒரு கடை முன்னால் காரை ஓரம் கட்டினான். "நீங்க இறங்க வேணாம்பா, கண்ணு தெரியாது. உக்காருங்க, நான் டீ வாங்கிட்டு வந்துடறேன்" என்றான்.

அவனுக்கு அந்தத் தொடர் தெரியாது. கல்லூரி ஹாஸ்டலில் இருந்த பையன், இதையெல்லாம் எங்கே பார்த்தான்? எனக்கு அது தெரியும். மின்கம்பத்தில் ஏறியவன் நான், எதற்கும் பயந்தவன் இல்லை. ஆனால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அட்டை இருந்தது. அதை வெளியே எடுத்து, கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு பார்த்தேன். புரை விழுந்த கண்ணுக்கும் அந்தக் கொட்டை எழுத்து தெரிந்தது. என் அக்காவுக்காவது போன் போட ஒரு தம்பி இருந்தான்.

மகன் இரண்டு கையிலும் டீயோடு வந்துகொண்டிருந்தான். நான் அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தேன், செல்போனுக்குப் பக்கத்தில். இதில் இருப்பது என் நம்பர்தான். நாளைக்கு ஏதோ ஒரு பெஞ்சில் யாராவது இதைப் பார்த்துவிட்டு இரக்கப்பட்டுப் போன் போட்டால், என் பையிலேயேதான் அடிக்கும். நான்தான் எடுத்து, கேபிள்காரர் பேசுகிறேன், சொல்லுங்க என்று சொல்லவேண்டும்.